பேய்ப்படத்தில் வரும் சின்னங்களும் ஆவிகளும் நிஜமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய்ப்படம் பார்த்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கூகுளைத் திறக்கிற கூட்டத்தில் நானும் ஒரு ஆள். சுவரில் கிறுக்கியிருந்த சின்னம் எது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடியே பல வருடங்கள் போய்விட்டன. இப்போது நண்பர்கள் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் நேராக எனக்குத்தான் மெசேஜ் போடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். சில படங்களின் முடிச்சுகள் அவிழும். ஹெரிடிட்டரியும் ரிங்குவும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

‘நிஜம்’ என்றால்? ஆவி உண்டு என்கிறீர்களா?

அந்தப் பஞ்சாயத்துக்கே நான் வரவில்லை. ஒரு படம் ஒரு பெயரையோ சின்னத்தையோ எடுத்துப் போடுகிறது. அது வந்த இடத்தில் அதற்கு என்ன வேலை இருந்தது, படத்தில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். நான் பார்த்தவரை பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம் சின்னமும் அச்சு அசலாக இருக்கும். வேலைதான் மாறிப்போயிருக்கும்.

ஹெரிடிட்டரியில் வரும் பேமன் கற்பனையா? அந்த டாலரில் இருக்கும் சின்னம்?

2018இல் வந்த இந்தப் படத்துக்காக யாரும் புதிதாகப் பெயர் வைக்கவில்லை. ‘ஆர்ஸ் கோயெட்டியா’ என்ற மந்திர நூலில் வரிசையாக 72 ஆவிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்பதாவது பேமன். ஒவ்வோர் ஆவிக்கும் ஒரு முத்திரை உண்டு. நம்மூர் யந்திரத் தகட்டில் கோடு கோடாக இருக்குமே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. படத்தில் பாட்டியின் கழுத்திலும் மகளின் கழுத்திலும் தொங்குவது ஏறக்குறைய அந்த நூலில் இருக்கும் பேமன் முத்திரைதான். சாலையோரக் கம்பத்தில் ஒரு கணம் தெரியுமே, அதுவும் அதேதான். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் எனக்கே கண்ணில் பட்டது.

இன்னொன்றும் சரி. ஆவியை அழைப்பவர் அதன் முத்திரையை மார்பில் அணிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நூல் சொல்கிறது. ஆக, பாட்டி நகைக்காக அதை மாட்டிக்கொள்ளவில்லை. சாவு வீட்டுக் காட்சியிலேயே இயக்குநர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாம்தான் கவனிக்கவில்லை.

இனி மாறியதைப் பார்ப்போம். நூலில் பேமன் ஒட்டகத்தில் வருகிறான். தலையில் பளபளவென்று கிரீடம். முன்னால் எக்காளமும் தாளமுமாக ஒரு கூட்டம் வாசித்துக்கொண்டு வரும். கல்யாண ஊர்வலம் மாதிரிதான். வந்ததும் பெரிய குரலில் கர்ஜிப்பான். என்ன சொல்கிறான் என்றே புரியாது. தெளிவாகப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டும். அப்புறம் கலைகள், அறிவியல், ரகசியங்கள் எல்லாம் கற்றுக்கொடுப்பான். பூமி எதன் மேல் நிற்கிறது, மனம் என்பது என்ன, அது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவனிடம் கேட்கவேண்டிய கேள்விகள். பதவி வாங்கித் தருவான், பிறரை உங்கள் சொல்லுக்கு அடங்க வைப்பான். 200 படையணிகள் அவனுக்குக் கீழே.

ஆனால் ஓர் ஆணின் உடலுக்குள் புகுந்து குடியேறத் துடிக்கிறான் என்று அந்த நூலில் எங்கும் இல்லை. அது இயக்குநர் ஆரி ஆஸ்டரின் சரக்கு. நாக்கைச் சொடுக்கும் ‘க்ளக்’ ஓசையும் அவருடையதுதான். நரகத்தின் எட்டு அரசர்களில் ஒருவன் என்று படம் சொல்கிறது. நூலில் எண்ணிப் பார்த்தால் அரசர் பட்டம் உள்ளவர்கள் ஒன்பது பேர்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்க வேண்டும். கோயெட்டியாவின் ஆவிகள் ஏவல் ஆவிகள். மந்திரவாதி கூப்பிடுவான், வேலை வாங்குவான், அனுப்பிவிடுவான். குட்டிச்சாத்தான் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். ஹாலிவுட்டுக்கு இந்த உறவு பிடிக்கவில்லை. எஜமானனைக் கீழே தள்ளி வேலைக்காரனை மேலே ஏற்றிவிட்டது.

அந்த நூலை எழுதியது சாலமோன் அரசரா?

பெயர் மட்டும்தான் அவருடையது. நமக்குக் கிடைத்திருக்கும் கையெழுத்துப் பிரதிகள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலப் பிரதிகள். சில இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஸ்லோன் சேகரிப்பில் இருக்கின்றன. அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல் இருக்கிறது, அது போலத்தான்.

இதற்கு முன்பே, 1577இல், யோகான் வையர் என்ற மருத்துவர் 69 பேய்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கோயெட்டியாவின் வர்ணனைகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகும். அதில் முத்திரைகள் கிடையாது. இதில் ரசமான சங்கதி என்னவென்றால், வையர் மந்திரவாதியே இல்லை. சூனியக்காரிகள் என்று சொல்லிக் கிழவிகளைப் பிடித்துக் கொல்வது தப்பு, அவர்களில் பலர் மனநோயால் அவதிப்படுகிறவர்கள் என்று வாதாடியவர். இப்படியெல்லாம் அபத்தமாக நம்புகிறார்கள் பாருங்கள் என்று காட்டத்தான் பட்டியலைப் போட்டார். இன்று அதுதான் பேய்ப்படக்காரர்களின் டெலிபோன் டைரக்டரி.

கான்ஜுரிங் 2இல் வரும் கன்னியாஸ்திரீ பேய், வாலாக்?

கோயெட்டியாவின் 72 பேரில் 62ஆவது ஆள். ஆனால் நூலில் அவன் ஒரு சின்னப் பையன். தேவதூதன் மாதிரி சிறகு, உட்கார்ந்திருப்பது இரண்டு தலை டிராகன் மேல். புதையல் எங்கே இருக்கிறது, பாம்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பதுதான் வேலை. கன்னியாஸ்திரீ உடுப்பெல்லாம் இயக்குநர் ஜேம்ஸ் வானின் யோசனை. முதலில் வேறு உருவத்தில் எடுத்து, பிறகு மாற்றிப் படமாக்கினார்கள்.

முழுக்கத் தப்பு என்று தள்ளவும் முடியாது. பெயர் தெரிந்தால் பேயை அடக்கலாம் என்ற கிளைமாக்ஸ், பழைய மந்திர மரபின் உயிர்நாடியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பைபிளிலேயே இயேசு பேய் பிடித்தவனிடம் “உன் பெயர் என்ன?” என்றுதான் கேட்பார். நம்மூர்ப் பூசாரி உடுக்கை அடித்துக்கொண்டு முதலில் கேட்பதும் “யாரு நீ, பேரைச் சொல்லு” என்பதைத்தான். வீட்டுக் காட்சிகளில் பின்னணி அலங்காரத்தில் அந்த ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது புத்தக அலமாரிப் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

தி எக்ஸார்சிஸ்ட் படத்தின் பேய் உண்மையிலேயே பழைய ஈராக் தெய்வமா?

பசூசு. முதல் படத்தில் (1973) இந்தப் பெயரை யாரும் சொல்லவே மாட்டார்கள். மூல நாவலிலும் 1977இல் வந்த இரண்டாம் பாகத்திலும்தான் வரும். முதல் காட்சிகள் எடுக்கப்பட்ட ஹட்ரா ஈராக்கில் இருக்கும் நிஜ இடிபாடு. பாதிரியார் எதிரே நிற்கும் சிலையின் வடிவமும் சரி. பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் சுமார் 15 செ.மீ. உயரத்தில் ஒரு வெண்கலப் பசூசு இருக்கிறது. நாயா சிங்கமா என்று தெரியாத முகம், பருந்துக் கால், நாலு சிறகு, தேள் வால், ஒரு கை மேலே, ஒரு கை கீழே. தலையில் கயிறு கோத்துத் தொங்கவிட ஒரு வளையம். முதுகில், மலைகளிலிருந்து பாய்ந்து வரும் கெட்ட காற்று ஆவிகளுக்கு நானே அரசன் என்ற பொருளில் எழுதியிருக்கும்.

அந்த வளையத்தை நினைத்துப் பாருங்கள். பேயின் பொம்மையைத் தொங்கவிட வேண்டிய அவசியம் என்ன?

கி.மு. முதலாயிரத்தில் மெசபொட்டேமியாவின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பெரிய பயம் லமாஷ்டு. சிங்க முகம் கொண்ட பெண் பேய், குழந்தைகளைக் கொண்டுபோகிறவள். அவளைத் துரத்தக்கூடிய ஆள் பசூசு. அதனால் பசூசு தலையைச் சின்னதாகச் செய்து பிள்ளைத்தாய்ச்சிகள் அணிந்துகொண்டார்கள், வீட்டில் மாட்டினார்கள். லூவரிலேயே இருக்கும் இன்னொரு வெண்கலத் தகட்டில் கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். கீழே லமாஷ்டு படகில் ஏறிக் கிளம்புகிறாள், பின்னாலேயே பசூசு விரட்டுகிறான். தகட்டின் மேல் விளிம்பில் அதே பசூசுவின் தலை, மதில் மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல.

நம்மூரில் புது வீடு கட்டும்போது கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாகத் திருஷ்டி பொம்மை தொங்கும். பேயை விரட்ட பேய்முகம். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் காத்து கருப்புக்கே அரசனைக் கூப்பிடுகிறார்கள். அதே கணக்கு. பசூசு கெட்டவன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தைகளைக் காப்பாற்றக் கூப்பிடப்பட்டவன், படத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பிடித்து ஆட்டுகிறான். பெயரும் உருவமும் இவ்வளவு சரியாக இருந்து, வேலை இவ்வளவு தலைகீழான உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

கதாசிரியருக்கு இது தெரியாமல் இல்லை. அந்தச் சின்னத் தலையைப் பார்த்துவிட்டு, ‘தீமைக்கு எதிராகத் தீமை’ என்ற பொருளில் ஆரம்பத்திலேயே ஒரு பாத்திரம் சொல்லும். தெரிந்தேதான் ஒதுக்கினார்.

பாதிரியார் பேயோட்டும் சடங்கு?

சடங்கு நிஜம். 1614இல் கத்தோலிக்கத் திருச்சபை வெளியிட்ட சடங்கு நூலில் இருக்கிறது, 1999இல் திருத்தினார்கள். ஆயரின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது, முதலில் நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். படம் அந்த மருத்துவமனைப் படலத்தை நிதானமாகக் காட்டுவது நேர்மையான விஷயம். எனக்கு ஊசி குத்தும் அந்தக் காட்சிதான் பேயைவிடப் பயம்.

தலைகீழ் சிலுவை சாத்தானுடையதா?

பேதுருவினுடையது. தான் இயேசுவைப் போலவே நேராக அறையப்படத் தகுதியில்லாதவன் என்று சொல்லி, தலைகீழாக அறையும்படி பேதுரு கேட்டுக்கொண்டதாக மரபு. 2000இல் போப் இரண்டாம் ஜான் பால் இஸ்ரேல் போனபோது அவர் உட்கார்ந்த நாற்காலியில் தலைகீழ் சிலுவை இருந்தது. அந்தப் போட்டோவை வைத்து இன்னும் வாட்ஸப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் மாட்டிய சிலுவை தானாகத் திரும்பினால் பயம் வரும், அது வேறு. சின்னம் என்று பார்த்தால் அது தாழ்மையின் அடையாளம்.

ஐந்துமுனை நட்சத்திரம்?

கொஞ்சம் சிக்கலான கதை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் காவியம் ஒன்றில் கவேன் என்ற வீரனின் கேடயத்தில் இதே நட்சத்திரம் பொன்னிறத்தில் இருக்கும். கிறிஸ்துவின் ஐந்து காயங்களை அவன் நம்பியிருப்பதும் அதன் பொருளில் ஒன்று. ஒரு முனை மேலே இருந்தால் நல்லது, இரண்டு முனை மேலே இருந்தால் கெட்டது என்று பிரித்துச் சொன்னவர் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர், அதுவும் 1850களில். ஆட்டுத்தலையை உள்ளே வரைந்த படம் 1897இல் ஒரு பிரெஞ்சு நூலில் வந்தது. 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த ‘சாத்தான் சபை’ அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அதனால் இன்றைய காலத்துக் கதையில் இதைச் சாத்தான் சின்னமாகக் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். கதை இடைக்காலத்தில் நடக்கிறது, சுவரில் ஆட்டுத்தலை நட்சத்திரம் என்றால் ஆர்ட் டைரக்டர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அறுமுனை நட்சத்திரத்தையும் சில படங்களில் ‘சாலமோன் முத்திரை’ என்று தரையில் வரைவார்கள். நமக்கு அதைப் பார்த்தால் முருகன் ஞாபகம் வந்துவிடுகிறது, பயம் வரமாட்டேன் என்கிறது.

666?

பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் 13:18. பழைய பிரதிகள் சிலவற்றில் 616 என்று இருக்கிறது. ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால், எழுதும் விதத்தைப் பொறுத்து இரண்டு எண்ணுமே வரும். பேயின் போன் நம்பர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒயிஜா பலகை ஆபத்தான மந்திரப் பொருள்தானே?

எழுத்துகள் போட்ட பலகை, அதன் மேல் விரல் வைத்து நகர்த்த ஒரு முள், அதுதான் ஒயிஜா. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோரில் எலைஜா பாண்ட் என்பவர் பெயரில் பேட்டன்ட் வாங்கிய விளையாட்டுச் சாமான். பொம்மைக் கடையில் விற்றது. குடும்பமாக உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். இன்று அதன் உரிமை மோனோபாலி விற்கும் ஹாஸ்ப்ரோவிடம் இருக்கிறது. 2014இல் வந்த ‘ஒயிஜா’ படத்தின் தயாரிப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. தன் விளையாட்டுச் சாமானைப் பார்த்துப் பயப்படு என்று தானே படம் எடுத்த கம்பெனி வேறு இருக்குமா?

பலகைக்குக் கெட்ட பெயர் பரவலாகச் சேர்ந்தது தி எக்ஸார்சிஸ்டுக்குப் பிறகு. அதில் சிறுமி தனியாகப் பலகையில் பேசுவாளே, அந்தக் காட்சி செய்த வேலை.

முள் எப்படி நகர்கிறது? நம் தசைகள் நமக்கே தெரியாமல் நகர்த்துகின்றன. மருத்துவர் வில்லியம் கார்பென்டர் 1852இல் இந்த அனிச்சை அசைவுக்குப் பெயர் வைத்தார். அடுத்த வருடம் மைக்கேல் ஃபாரடே, அதே மின்சார ஃபாரடேதான், ஆவி நகர்த்துவதாகச் சொன்ன மேசைகளைச் சோதித்து, கைகள்தான் முதலில் நகர்கின்றன என்று காட்டினார். ஆடுகிறவர்களின் கண்ணைக் கட்டி, சொல்லாமல் பலகையைத் திருப்பி வைத்தால் போதும். எழுத்துகள் முன்பு இருந்த இடத்துக்கே முள் போய் நிற்கும்.

நான் ஹாஸ்டலில் இருந்தபோது எங்களுக்குப் பலகை கிடையாது. சார்ட் பேப்பரில் எழுத்துகள், நடுவில் ஒரு ரூபாய்க் காசு, மெழுகுவத்தி, மூன்று பேரின் ஆள்காட்டி விரல். வந்த ‘ஆவி’ தன் பெயரைத் தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதியது. எங்களில் ஒருவன் பரீட்சையிலும் அதே தப்பைத்தான் செய்வான். யாரும் சிரிக்கவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினோம்.

அனபெல் பொம்மை நிஜத்தில் எப்படி இருக்கும்?

சிவப்பு நூல் முடியும் முக்கோண மூக்குமாகச் சாதாரண ராகெடி ஆன் துணிப் பொம்மை. படத்தில் இருப்பது படத்துக்காகச் செய்தது.

டிப்புக் பெட்டி?

டிப்புக் என்பது யூத மரபு. ‘ஒட்டிக்கொள்வது’ என்ற பொருள் தரும் எபிரெய வேரிலிருந்து வந்த சொல். செத்துப்போனவரின் ஆவி, உயிரோடு இருப்பவரைப் பற்றிக்கொள்வது. அதை ஒரு பெட்டிக்குள் அடைப்பது அந்த மரபில் கிடையாது. 2003இல் ஈபேயில் ஒருவர் பழைய ஒயின் அலமாரியைக் கதை கட்டி விற்றார், கட்டுக்கதைதான் என்று 2021இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் 2012இல் ‘தி பொசெஷன்’ வந்துவிட்டது. கொச்சி யூதர்களை வைத்து 2017இல் மலையாளத்தில் ‘எஸ்ரா’வும் வந்துவிட்டது. அப்போது இருபது வருடம்கூட ஆகியிராத ‘பழம்பெரும்’ பெட்டி.

சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களா?

நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். எண்பது வயது தாண்டிய ஒரு முதியவரை மேலே கல் அடுக்கி நசுக்கினார்கள். யாரையும் எரிக்கவில்லை, ஆங்கிலச் சட்டத்தில் சூனியத்துக்குத் தூக்குதான். எரித்தது ஐரோப்பாவின் பல பகுதிகளில். ஃபிளாஷ்பேக்கில் சேலம் என்று எழுத்துப் போட்டுவிட்டுத் தீ மூட்டும் படங்களை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது 2015இல் வந்த தி விட்ச். 1630களின் நியூ இங்கிலாந்து. ஞானஸ்நானம் ஆகாத குழந்தையின் கொழுப்பில் பறக்கும் களிம்பு, சாத்தானின் புத்தகத்தில் கையெழுத்து என்று அந்தக் காலத்து மக்கள் உண்மையிலேயே நம்பியதை மட்டும் எடுத்து, அவர்கள் நம்பியபடியே காட்டியிருக்கிறார்கள். பேய் அதிகம் வராது. ஆடு வரும்.

ரிங்கு படத்தின் சடாகோ ஜப்பானியப் பேய் மரபா?

பாதி மரபு, பாதி வரலாறு. வெள்ளை உடை சவத்துக்கு உடுத்தும் உடை. விரித்த கூந்தலும் அப்படித்தான். உயிரோடு இருந்த பெண்கள் அந்தக் காலத்தில் கூந்தலை முடிந்து வைப்பார்கள். கிணற்றுக்கும் பழைய கதை உண்டு. ஒக்கிகு என்ற வேலைக்காரப் பெண்ணைக் கொன்று கிணற்றில் போட்டார்கள், ராத்திரியானால் ஒன்பது வரை தட்டுகளை எண்ணிவிட்டுப் பத்தாவது இல்லாமல் அலறுவாள். பழைய ஓவியங்களில் ஜப்பானியப் பேய்க்குக் கால் இருக்காது. நம்ம பேய்க்கும் கால் தரையில் படாது. சடாகோவுக்குக் கால் இருக்கிறது, ஊர்ந்து வேறு வருகிறாள். நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்து, படச்சுருளைத் திருப்பி ஓட்டியதால்தான் அந்த நடை நமக்குப் பிசகுகிறது.

வரலாறு இன்னும் சோகம். 1910இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுகுராய் தொமொகிச்சி என்ற உளவியலாளர், ஞானதிருஷ்டி உள்ளவர் என்று மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை அறிஞர்கள் முன்னால் சோதித்தார். மோசடி என்று பத்திரிகைகள் கிளப்பின. அடுத்த வருடம் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தார். படத்தில் சடாகோவின் தாய்க்கு நடப்பதற்கு இதுதான் மூலம். பிறகு ஃபுகுராய் ‘நென்ஷா’ என்று ஒன்றை ஆராய்ந்தார், அதாவது மனதாலேயே போட்டோ தகட்டில் உருவம் பதிப்பது. அதில் அவர் சோதித்த பெண்களில் ஒருவரின் பெயர் தக்காஹாஷி சடாகோ. மனதால் தகட்டில் பதித்தது, எண்பது வருடம் கழித்து வீடியோ கேசட்டில் பதிந்துவிட்டது.

பேமன் முத்திரை போட்ட டாலரை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். அம்மா திட்டுகிறார். ஏதாவது ஆகுமா?

நூலையே சாட்சிக்கு இழுப்போம். டாலர் மட்டும் போதாது. ஒன்பது அடி அகலத்தில் வட்டம் போட்டு அதற்குள் நீங்கள் நிற்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே இரண்டடி தள்ளி ஒரு முக்கோணம், ஆவி வந்து நிற்பதற்கு. அப்புறம் வடமேற்கைப் பார்த்து அழைக்க வேண்டும். நம் வாஸ்து கணக்கில் வாயு மூலை. தனியாகக் கூப்பிட்டால் ஏதாவது படையலும் போடவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், பட்டம் பார்த்து உலோகம் வகுத்திருக்கிறார்கள். பிரபுக்களுக்குச் செம்பு, சிலருக்கு வெள்ளி. பேமன் அரசன் என்பதால் அவன் முத்திரை தங்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கியது 299 ரூபாய் என்று சொன்னீர்கள். வேர்த்தால் கழுத்தில் பச்சை பிடிக்கும், குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.